குட்டி ரயிலும் எங்கள் எழுபத்திரண்டு குழாய்களும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "போன தடவை மாதிரி கொலஸ்ட்ரால் பற்றி எழுதி அனுப்பிடாதேடா. மெக்கானிக்கல் படிச்சவன் மெக்கானிக்கல் பற்றி எழுது. இப்போ படிக்கிற பசங்களும் பார்ப்பாங்க" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தோல்வியில் போய் நின்றுவிட்டது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்ச் ஆட்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

1974. இறுதி ஆண்டு. எல்லோரும் பிராஜெக்டுக்கு கியர் பாக்ஸ், சோலார் அடுப்பு என்று நல்லபிள்ளையாக எடுத்துக்கொண்டபோது, நானும் என் ரூம்மேட்டும் நீராவி எஞ்சின் பாய்லர் ஒன்றைச் சிறிதாகச் செய்து காட்டுவதாகக் கிளம்பினோம். என் பெரியப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். அவர் தயவில் மீட்டர் கேஜ் எஞ்சின் ஒன்றின் பாய்லரை டேப் வைத்து அளந்து வந்தோம். வந்து என்ன செய்தோம் என்றால், எல்லா அளவையும் 12-ஆல் வகுத்தோம். பன்னிரண்டு அடிக் குழாய் ஒரு அடி ஆனது. குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் ஆனது. மொத்தம் 72 செப்புக் குழாய்கள். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் முணுமுணுத்துக்கொண்டே நாலு மாதம் பிரேசிங் செய்து கொடுத்தார். பாய்லர் இன்ஸ்பெக்டர் தொல்லை இல்லை. அன்றிருந்த 1923-ம் வருட இந்தியன் பாய்லர் சட்டம் 22.75 லிட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்தால்தான் அதை பாய்லர் என்றே ஒத்துக்கொள்ளும். எங்களுடையது ஐந்து லிட்டர் கூட இல்லை.

வைவா அன்று தெர்மல் லேப் வாசலில் தீ மூட்டினோம். புகை சிம்னி வழியாகப் போகவில்லை. தீ போடும் வாய் வழியாகவே திரும்பி எங்கள் முகத்தில் வந்தது. முக்கால் மணி நேரம் விசிறியும் பிரஷர் கேஜ் முள் 6 பவுண்டைத் தாண்டவில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, இது பாய்லர் இல்லை. வெந்நீர் அண்டா" என்றார். பாஸ் போட்டுவிட்டார், அது வேறு விஷயம். அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் ரூம்மேட் கேட்டான்: "எல்லாத்தையும் கரெக்டாத்தானேடா வகுத்தோம். அப்புறம் ஏன் ஓடலை?" எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. பிறகு வேலை, கல்யாணம், குழந்தைகள். எப்போது பார்த்தாலும் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்காமல் விடமாட்டான். 2011-ல் அவன் போய்விட்டான். கேள்வி மட்டும் என்னிடம் இருந்தது.

நிற்க.

2024 ஜூலையில் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, பக்கத்து ஊர்ல குட்டி ரயில் கூட்டம் ஒண்ணு நடக்குதாம், வர்றீங்களா?" என்றார். பொம்மை ரயில் என்று நினைத்துப் பேரனுக்காகப் போனேன். பேரன் பதினைந்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் பக்கம் போய்விட்டான். நான் சாயங்காலம் வரை நகரவில்லை.

பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இவை அலமாரியில் வைக்கிற மாடல்கள் அல்ல. கரி போட்டு, தண்ணீர் கொதிக்கவைத்து, அசல் நீராவியில் ஓடுகிற எஞ்சின்கள். பின்னால் ஆட்கள் ஏறி உட்கார்ந்து போகலாம். அங்கே தண்டவாளத்தின் அகலம் 3½ அங்குலம், 5 அங்குலம், 7¼ அங்குலம் என்று மூன்று ஜாதி. முதல் இரண்டும் இடுப்பளவு உயரத்தில் தூண்கள் மேல் போட்ட பாதை. நீளமான பெஞ்சு மாதிரி வண்டியில் குதிரை மேல் உட்காருவதுபோல் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும். 7¼ தரையிலேயே ஓடும். ஐந்து அங்குல எஞ்சின் அசலில் சுமார் பதினொன்றில் ஒரு பங்கு, ஏழேகால் எட்டில் ஒரு பங்கு. பல ஊர்களிலிருந்து வேனிலும் டிரெய்லரிலும் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், நம்ம ஊரில் ஜல்லிக்கட்டுக்குக் காளை கொண்டு வருவதுபோல.

காலையில் தீ மூட்டுவதுதான் விசேஷம். ஒவ்வொருவரும் தன் எஞ்சினைச் சுற்றி வந்து மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விடுகிறார். பாய்லரில் தண்ணீர் கேஜ் கிளாஸில் பாதிக்கு மேல் நிற்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியை ஃபயர்பாக்ஸில் போட்டுப் பற்றவைத்து, சிம்னி வாயில் சின்ன மின்விசிறி ஒன்றைக் கவிழ்க்கிறார்கள். அது புகையை உறிஞ்சி இழுக்கிறது. கரி சிவந்ததும், நெல்லிக்காய் அளவுக்கு உடைத்த வேல்ஸ் தேசத்து நிலக்கரி, ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். முள் 20, 30 பவுண்டுக்கு வந்ததும் விசிறியை எடுத்துவிட்டு, பாய்லரின் சொந்த நீராவியையே சிம்னிக்குள் மெல்லிய தாரையாக விடுகிறார்கள். இனி இழுப்பை அதுவே பார்த்துக்கொள்ளும். இருபது முப்பது நிமிடத்தில் சேஃப்டி வால்வ் 'உஸ்ஸ்' என்கிறது. ஈரக்கரியும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை. பெரியப்பாவின் காக்கிச் சட்டையில் வரும் அதே வாசனை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "என்ன மாமா, கண்ணுல புகை பட்டுடுச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சினை இறக்கும் முன்பே ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து எல்லோருடைய பாய்லர் சர்டிபிகேட்டையும் பார்க்கிறார். அது இல்லாமல் தீக்குச்சி கிழிக்க முடியாது. புது பாய்லர் என்றால் வேலை செய்யும் பிரஷரைப்போல் இரண்டு மடங்கு பிரஷரில் தண்ணீரை ஏற்றிச் சோதிக்கிறார்கள். நீராவி வைத்துச் சோதிக்காமல் ஏன் தண்ணீர்? மாணவத் தம்பிகள் யோசிக்கவும். தண்ணீர் அமுங்காது. விரிசல் விட்டால் சொட்டும், அவ்வளவுதான். நீராவியாக இருந்தால் வெடிக்கும். அதில் தேறிய பிறகு நீராவிச் சோதனை. தீயை முழு மூச்சாக எரியவிட்டாலும் சேஃப்டி வால்வ் பிரஷரை வரம்புக்கு மேல் பத்து சதவீதத்துக்குள் பிடித்து நிறுத்த வேண்டும். சோதிப்பவர்களும் சங்கத்து உறுப்பினர்களே, ஆனால் தயவு தாட்சண்யம் கிடையாது.

அங்கே ஐந்து அங்குல எஞ்சின்காரர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருடம் தானே கடைந்து, அறுத்து, வெள்ளிப் பற்று வைத்துச் செய்த எஞ்சின். "நீங்களும் எஞ்சினியரா? எதாவது கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். விழுப்புரத்தில் தொடங்கி வெந்நீர் அண்டா வரை சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"குழாய் நீளம்?"

"12 அங்குலம்."

"உள்விட்டம்?"

"4 மில்லிமீட்டர்."

கரிப்பெட்டி மூடி மேலேயே கணக்குப் போட்டார். நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், இரண்டும் அங்குலத்தில். விடை 50-லிருந்து 70-க்குள் இருந்தால் பாய்லர் நன்றாக நீராவி தரும் என்பது இவர்களின் பழைய கைக்கணக்கு. எங்களுடையதற்கு வந்த விடை 484.

"சிம்னியில காத்து இழுக்க என்ன வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வைக்கலை."

பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க, 1924-லேயே முடிஞ்சுபோன ஒரு சண்டையில, 1974-ல போய்த் தோத்திருக்கீங்க" என்றார்.

அந்தச் சண்டையின் சரித்திரத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பீடிகை நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

ஆள் ஏறும் சின்ன ரயில் என்பது பிரபுக்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியது. சர் ஆர்தர் ஹேவுட் 1874-ல் இங்கிலாந்தின் டஃபீல்டில் தன் தோட்டத்தில் 15 அங்குலப் பாதை போட்டார். எஸ்டேட்டுகளுக்கு உதவும் என்பது அவர் எண்ணம். அது பெரிதாகப் பரவவில்லை. நம் கதைக்கு முக்கியமான வருடம் 1898. அந்த வருடம்தான் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே வருடம் அந்த வாசகர்களைச் சேர்த்து ஒரு சங்கமும் அமைந்தது. வீட்டுக் கொல்லையில் ஒரு லேத் வைத்திருக்கும் குமாஸ்தா, கடைக்காரர், ஆசாரி எல்லோருக்கும் ஒரு மேடை கிடைத்தது. சின்ன எஞ்சின் பிரபு வீட்டை விட்டு வெளியே வந்தது இப்படித்தான். நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் கம்பெனி மாடல் எஞ்சின்களை விற்றுப் பேர் வாங்கியது. அதற்கு டிசைன் செய்தவர்களில் பெரிய கை ஹென்றி கிரீன்லி. 1927-ல் திறந்த ராம்னி ஹைத் டிம்சர்ச் 15 அங்குல ரயில் அவர் கைவண்ணம். இன்றும் ஓடுகிறது.

ஆனால் 15 அங்குலம் வேறு, இரண்டரை அங்குலம் வேறு. இரண்டரை அங்குலப் பாதை என்றால் நம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அவ்வளவு சின்ன எஞ்சினில் கரி எரித்து உருப்படியாக ஓட்ட முடியாது, ஸ்பிரிட் விளக்கு வைத்துத்தான் கொதிக்கவைக்க வேண்டும் என்பது அன்றைய பெரியவர்கள் பலரின் தீர்ப்பு. கடைகளில் விற்ற எஞ்சின்கள் பெரும்பாலும் அப்படித்தான். தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நாலு பெட்டியோடு ஓடும், பார்க்க அழகாக இருக்கும், அத்தோடு சரி. ஆளை இழுக்காது.

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார். பத்திரிகையில் அவர் போட்ட பெயர் வெறும் நாலு எழுத்து: எல்.பி.எஸ்.சி. லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் என்ற ரயில் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை. நண்பர்களுக்கு 'கர்லி'. 1922-ல் பத்திரிகையில் கரியா ஸ்பிரிட்டா என்று வாதம் கிளம்பியபோது இவர் ஒரே போடாகப் போட்டார். சின்ன எஞ்சினிலும் பெரிய எஞ்சின் மாதிரியே கரி எரிக்கலாம், தன்னிடம் இருக்கும் இரண்டரை அங்குல 'ஆயிஷா' ஆளையே இழுக்கிறாள் என்று எழுதினார். நம்பாதவர்கள் கேலி செய்தார்கள். பதிலுக்குப் பதில், கடிதத்துக்குக் கடிதம். 'பாய்லர் யுத்தம்' என்றே பெயர் வந்துவிட்டது. நம்ம ஊர்ப் பட்டிமன்றம் தோற்றுவிடும். கடைசியில் 1924-ல் லண்டன் மாடல் எஞ்சினியர் கண்காட்சியில், ஊரறிய, ஆயிஷா கரி தின்று, வளர்ந்த ஆளை இழுத்துக்கொண்டு ஓடிக்காட்டினாள்.

அவர் ஜெயித்தது எப்படி? பெரிய எஞ்சினைப் போலவே என்று சொன்னாரே தவிர, பெரிய எஞ்சினை அப்படியே வகுக்கவில்லை. இதுதான் என் ரூம்மேட்டின் கேள்விக்குப் பதில். எஞ்சினைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கலாம். கரித்தூளையும், புகையையும், தண்ணீரையும் சுருக்க முடியாது. 4 மில்லிமீட்டர் குழாய்க்குள் தழல் நுழைந்ததும் சுவர் குளிர்ந்திருப்பதால் அணைந்துபோகும், சாம்பல் அடைக்கும், உரசலில் புகை நகராது. ஆகவே குழாய்களின் எண்ணிக்கையைக் குறை, ஒவ்வொன்றையும் பெரிதாக்கு. அந்தப் பல் டாக்டர் கணக்குப்படி எங்கள் ஒரு அடி நீளத்துக்கு 11 மில்லிமீட்டர் உள்விட்டம் வேண்டும். இரண்டாவது, ரயில் எஞ்சின் பாய்லர் தனியாக உயிர் வாழாது. சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி சிம்னி வழியாகச் சீறும்போதுதான் தீயை இழுக்கிறது. 1829-ல் ஸ்டீஃபன்சனின் ராக்கெட்டிலேயே இருந்த விஷயம் இது. நாங்கள் சிலிண்டரே இல்லாமல் பாய்லரை மட்டும் கொண்டுபோய் லேப் வாசலில் வைத்து, எரியலையே என்று விசிறிக்கொண்டிருந்தோம். செமஸ்டருக்கு செமஸ்டர் தெர்மல் பேப்பரில் பிளாஸ்ட் பைப் படம் போட்டு மார்க் வாங்கிய ஆசாமிகள்!

சுருக்குவதில் லாபமும் உண்டு. நீளம் 12-ல் ஒன்றானால் எடை 1,728-ல் ஒன்று. 100 டன் எஞ்சின் 58 கிலோ ஆகிவிடும். இரண்டு பேர் தூக்கி டிக்கியில் வைத்துவிடலாம். இழுக்கும் சக்தியோ தாராளம். ஓட்டும் சக்கரங்கள் மேல் 60 கிலோ இருந்தால், அதில் நாலில் ஒரு பங்கு, 15 கிலோ இழுவிசை கிடைக்கும். பால் பேரிங் வைத்த வண்டிகளைச் சமதளத்தில் உருட்ட எடையில் நூறில் ஒரு பங்கு போதும் என்று வைத்தாலும், பத்துப் பேர் ஏறிய வண்டி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எல்.பி.எஸ்.சி. அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் எழுதித் தள்ளினார். படம் போட்டு, இந்த ஓட்டையை இப்படித் துளை, இந்த ஸ்க்ரூவை இப்படி முடுக்கு என்று பக்கத்தில் நின்று சொல்வதுபோல் எழுதுவார். 'டிச்' என்று ஒரு குட்டி 3½ அங்குல எஞ்சின், புதிதாகத் தொடங்குபவர்களுக்காக. அதைக் கட்டி முடித்தவர்கள் உலகம் பூராவும் உண்டு. 1967-ல் காலமானார். 1974-ல் நம் லைப்ரரியில் அந்தப் பத்திரிகை ஒரு இதழ் இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

அமெரிக்காவிலும் இந்தப் பைத்தியம் உண்டு. பெரிய பைத்தியம் வால்ட் டிஸ்னி. 1950-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுத் தோட்டத்தில் 7¼ அங்குலப் பாதையில் அரை மைல் ரயில் விட்டார். எஞ்சினுக்கு மனைவி பெயர், 'லில்லி பெல்'. வந்த விருந்தாளிகளை எல்லாம் ஏற்றிச் சுற்றினார். 1953-ல் ஒரு நாள் ரயில் தடம் புரண்டு, உடைந்த இடத்திலிருந்து வந்த நீராவி ஒரு சிறுமியைச் சுட்டுவிட்டது. அத்தோடு தோட்ட ரயிலை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்து டிஸ்னிலேண்டைத் திறந்தபோது அதைச் சுற்றிப் பெரிய ரயிலாகவே விட்டார். சர்டிபிகேட் மேஜைக்காரர் ஏன் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார் என்று இப்போது புரிகிறதல்லவா? இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் வடகிழக்கில் 7¼, மற்ற இடங்களில் 7½. கால் அங்குலத்தால் ஒரே நாட்டில் இவன் எஞ்சின் அவன் பாதையில் ஓடாது. ஓரகன் மாநிலத்தில் டிரெயின் மவுண்டன் என்ற இடத்தில் 7½ அங்குலப் பாதை மட்டும் 36 மைலுக்கு மேல் இருக்கிறது. அங்கே போக மகன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பார்ப்போம்.

மத்தியானம் பல் டாக்டர், "ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றார். பின்னால் எட்டுக் குழந்தைகள். ரெகுலேட்டரைத் தொட்டதும் கைக்குள் ஒரு நாய்க்குட்டி இழுப்பதுபோல் இருந்தது. முதல் சுற்று பிரமாதம். இரண்டாவது சுற்றில் மரம், ஏரி, வாத்து என்று வேடிக்கை பார்த்துவிட்டேன். கேஜ் கிளாஸைப் பார்த்தால் தண்ணீர் அடியில். பதறிப்போய் இன்ஜெக்டரைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் மொத்தமாக உள்ளே போக, பிரஷர் 80-லிருந்து 40-க்கு விழுந்தது. சரியாக ஏற்றத்தில் நின்றுவிட்டோம். இரண்டாவது வெந்நீர் அண்டா! பின்னால் இருந்த பொடியன் ஒருவன், "தாத்தா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டான். புளோயரைத் திறந்து, இரண்டு ஸ்பூன் கரி போட்டு, ஐந்து நிமிடம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவுக்கு நான் ஃபயர்மேன் வேலையைப் பற்றி ஒரு காலத்தில் என்ன அபிப்பிராயம் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். முள் ஏறியது. கிளம்பினோம். குழந்தைகள் கைதட்டினார்கள்.

கரியைச் சிக்கனமாக எரிப்பதற்கே அங்கே ஒரு போட்டி உண்டு, 1969 முதல். கரியை எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அரை மணி ஓட்டி, இழுத்த வேலையை அளந்து, எரித்த கரியின் வெப்பத்தால் வகுப்பார்கள். தெர்மல் எஃபிஷியன்ஸி நூற்றுக்கு இரண்டு, மூன்று வந்தாலே பேர் சொல்லும் டிரைவர். மீதி தொண்ணூற்றேழும் சிம்னி வழியாக ஆகாயத்துக்கு.

ஆனால் சாயங்காலம் டீ குடிக்கும்போது பேச்சு எஃபிஷியன்ஸி பற்றி இல்லை. கரி பற்றி. வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் பக்கம் இருந்த ஃபோஸ்-இ-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடிவிட்டது. இவர்கள் உயிராக நினைத்த வேல்ஸ் கரி இனி மூட்டை இருப்பு உள்ளவரைதான். இறக்குமதிக் கரி போட்டுப் பார்க்கிறார்கள், தூளைப் பிசைந்து முட்டை வடிவில் உருட்டிய எரிபொருள் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று புகைகிறது, ஒன்று கம்பியில் ஒட்டிக்கொள்கிறது. கரியே வேண்டாம் என்கிற காலத்தில் இவர்கள் வாதம் எடுபடுமா, தெரியாது. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்தக் கூட்டத்தில் எஞ்சின் கொண்டு வந்தவர்களில் தலை நரைக்காதவர்களை நான் எண்ணினேன். மூன்று பேர். பல் டாக்டர் மகனுக்கு இதில் இஷ்டமில்லையாம். "பதினொரு வருஷ வேலை. எனக்கப்புறம் வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். ரூம்மேட் கையால் வரைந்த டிராயிங், மடிப்பில் கிழிந்து, கிடைத்தது. 72 வட்டங்களையும் காம்பஸ் வைத்து ஒழுங்காகப் போட்டிருக்கிறான். மூலையில் பென்சிலால் 484 என்று எழுதினேன். பிறகு டிபார்ட்மெண்டுக்குப் போன் செய்தேன். ஸ்டோரில் பெஞ்சுக்கு அடியில் பச்சை பிடித்த செப்பு உருளை ஒன்று கிடப்பதாகவும், யாருக்கும் அது என்னவென்று தெரியாததால் கழித்துக்கட்டவில்லை என்றும் லேப் உதவியாளர் சொன்னார். அது பாய்லர்தான் சார், தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மெக்கானிக்கல் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: ரீயூனியன் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒர்க்‌ஷாப் வாசலில் இருப்பேன். பழைய 72-ஐயும் அறுத்து எடுத்துவிட்டு, குழாய்த் தகட்டைப் புதிதாகப் போட வேண்டும். 11 மில்லிமீட்டர் செப்புக் குழாய் நான் வாங்கி வருகிறேன். வெள்ளிப் பற்று வைக்கத் தெரிந்த கை வேண்டும். சிலிண்டர் இல்லாததால் சிம்னிக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன் கொண்டு வாருங்கள். இரண்டு மடங்கு பிரஷரில் தண்ணீர்ச் சோதனை முடியும்வரை யாரும் தீப்பெட்டியைத் தொடக்கூடாது.